ஒப்பாரி என்னும் சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பெரியம்மா காலமானபோது, உடலைப் பார்வைக்கு வைக்கும் கொழும்பு மலர்ச்சாலை ஒன்றில் அவருடைய தங்கை, அதாவது எங்கள் சின்னம்மா, ஒப்பாரி சொல்லி அழுதார். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிறந்து வளர்ந்த எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் அன்றுதான் அதை முதன்முதலாக நேரிற் கேட்டார்கள். சிலர் பயந்தார்கள், சிலர் வெட்கப்பட்டார்கள். அடுத்த நாளிலிருந்து அவர்கள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். பாடசாலையில் நெடுங்காலம் தமிழ் படிப்பித்தவன் என்பதால் கேள்விகள் என்னிடம் வந்து சேர்ந்தன. அந்தியேட்டி என்னும் 31ஆம் நாட் கிரியை முடியும்வரை நான் சொன்ன விடைகளையும், பிறகு நிதானமாக யோசித்துச் சேர்த்தவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஒப்பாரி என்றால் சத்தமிட்டு அழுவது என்பதுதானே பொருள்?

இன்றைய வழக்கில் அப்படித்தான் வழங்குகிறது. ஆனால் சொல்லைப் பிரித்துப் பார்த்தால், அதற்குள் அழுகையைக் குறிக்கும் பகுதி எதுவுமே இல்லை. அலறல், கதறல், கூக்குரல் ஆகிய சொற்களில் சத்தம் இருக்கிறது. அழுகை என்ற சொல்லிற் கண்ணீர் இருக்கிறது. ஒப்பாரியின் முன்பாதியில் நிற்பதோ ‘ஒப்பு’. ஒன்றை இன்னொன்றோடு ஒத்துப் பார்ப்பது என்பதே அதன் கருத்து. ஒப்பீடு, ஒப்பந்தம், வங்கியில் நாம் இடும் கையொப்பம் ஆகியவையெல்லாம் இதே குடும்பத்துச் சொற்கள். யாழ்ப்பாணத்துப் பழைய பெண்கள் ‘ஒப்பாரி வைத்தல்’ என்று சொல்வதைவிட ‘ஒப்புச் சொல்லி அழுதல்’ என்றே கூடுதலாகச் சொல்வார்கள். சொல்லின் பொருளை அந்தத் தொடர் கலப்பில்லாமற் காத்துவைத்திருக்கிறது: அழுவது ஒரு செயல், ஒப்புச் சொல்வது இன்னொரு செயல், இரண்டும் சேர்ந்து நடப்பதே ஒப்பாரி.

அந்தச் சொல் பழைய நூல்களில் வருகிறதா?

வருகிறது; வரும் இடந்தான் வியப்புக்குரியது. திருக்குறளில் ‘கயமை’ என்னும் 108ஆம் அதிகாரத்தின் முதற் குறள் இது:

மக்களே போல்வர் கயவர் அவரன்ன
ஒப்பாரி யாங்கண்ட தில்.

கீழ்மக்கள் தோற்றத்தில் மனிதரைப் போலவே இருப்பார்கள். இந்த அளவுக்கு ஒன்றை ஒன்று ஒத்திருக்கும் ஒப்புமையை நாம் வேறெங்கும் கண்டதில்லை என்பது கருத்து. இங்கே ஒப்பாரி என்றால் ஒப்புமை, அவ்வளவே. சாவும் இல்லை, கண்ணீரும் இல்லை. 1071ஆம் குறளை வகுப்பிற் படிப்பிக்கும்போதெல்லாம் பின் வாங்கில் யாராவது ஒரு பிள்ளை, “சேர், இதில் ஒப்பாரி ஏன் வருகிறது?” என்று கேட்கும். பரீட்சைக்கு வேண்டிய விடையை மட்டும் சொல்லிவிட்டு நான் அடுத்த குறளுக்குப் போன நாட்கள் உண்டு. நின்று சொல்லியிருக்க வேண்டிய இடம் அது.

ஒப்புமையைக் குறித்த சொல் எப்படிச் சாவீட்டு அழுகையின் பெயராயிற்று?

இதற்கு நூலைவிடச் சாவீடே நல்ல விடை. சின்னம்மா அன்று அழுத அடிகளில் நான்கை, கேட்டபடியே எழுதுகிறேன்:

கிணத்தடித் துலாப் போலே நிமிர்ந்து நிண்ட என்ர அக்கா,
குனியத் தெரியாமப் படுத்திட்டியோ என்ர அக்கா…
பனங்கூடல் நிழலெண்டு உன்னை நம்பி இருந்தேனே,
பாதி வெயிலிலை என்னை விட்டிட்டுப் போட்டியே…

குளிரூட்டிய மண்டபம், வெள்ளைச் சுவர், பெட்டியைச் சுற்றி மலர்வளையங்கள். அந்த இடத்தில் ஒருவருடைய வாயில் துலாவும் பனங்கூடலும் வருகின்றன. என் பக்கத்தில் நின்ற பதினான்கு வயதுப் பேத்தி, “துலா என்றால் என்ன?” என்று காதுக்குள் கேட்டாள். கிணற்றடியில் நீர் இறைப்பதற்காக உயரக் கவையிற் பூட்டியிருக்கும் நீண்ட மரம் என்று சொன்னேன். “அம்மம்மாவை ஏன் மரம் என்று சொல்கிறா?” என்று மறுபடி கேட்டாள்.

அதுதான் ஒப்பு. நிமிர்ந்து நின்ற உடம்புக்குத் துலா ஒப்பு. ஆதரவுக்குப் பனங்கூடலின் நிழல் ஒப்பு. ஒவ்வோர் அடியும் இறந்தவரை ஏதோ ஒன்றோடு வைத்துப் பார்க்கிறது, பிறகு அந்த ஒப்பையே முறித்துவிடுகிறது: துலா குனியும், நிமிரும், நீ குனியாமலே படுத்துவிட்டாய். நிழல் பொழுது சாயும்வரை நிற்கும். நீ பாதியிலே போய்விட்டாய். எதனோடு ஒப்பிட்டாலும் போனவர் அதற்குள் அடங்கவில்லை என்பதையே அழுபவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். குறளில் வெறும் ஒப்புமையாக இருந்த சொல் சாவீட்டுக்கு வந்து சேர்ந்த வழி இதுவென்றே நான் எண்ணுகிறேன்.

ஒப்பு இன்னொரு வகையிலும் நடக்கும். பொருளோடு பொருளை ஒப்பிடுவதுபோல, அன்றோடு இன்றையும் ஒப்பிடுவார்கள். ‘அண்டைக்கு வாசலிலை நிண்டு கூப்பிட்டாய், இண்டைக்கு வாசலிலை உன்னைக் கிடத்தியிருக்கினம்’ என்ற போக்கில் அடிகள் அமையும். இந்த அன்று–இன்று அமைப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே மறுபடி வரும்.

‘ஒப்பாறி’ என்று எழுதுவது சரியா?

பிழை. இடையின ரகரமே சரி. ஆறுதல் என்ற சொல்லோடு இணைத்து நினைப்பதால் இந்தப் பிழை நேர்கிறது போலும்.

புலம்பல் என்பதும் ஒப்பாரி என்பதும் ஒன்றா?

பொருள் நெருக்கமானது, பிறப்பு வேறு. ‘புலம்பே தனிமை’ என்று தொல்காப்பிய உரியியல் சொல்லுகிறது. அதாவது, பழந்தமிழிற் புலம்பு என்றால் முதலில் தனிமை. துணை பிரிந்த பறவைக்கும், காதலர் பிரிந்த மாலைக்கும் புலம்பு உண்டு. தனித்துவிடப்பட்டவர் வாய்விட்டுச் சொல்வது பின்னாளிற் புலம்பல் ஆயிற்று. தமிழில் இந்தப் பொருட்பரப்பில் உள்ள சொற்களிலேயே என் மனத்தை மிகவும் தொடுவது இதுதான். ஒப்பாரி போனவரைப் பற்றியது. புலம்பல் எஞ்சியவரைப் பற்றியது. சாவீட்டில் ஒரே மூச்சில் இரண்டும் நடக்கும். ஆயினும் சொல்லளவில் இந்த வேறுபாட்டை மறக்கக்கூடாது.

கிறிஸ்தவ விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் எருசலேமின் அழிவை நினைந்து பாடிய ஐந்து அதிகார நூலுக்குத் தமிழிற் ‘புலம்பல்’ என்று பெயர் வைத்தார்கள். கணவனை இழந்து தனித்திருக்கும் பெண்ணைப்போல அந்நகரம் அமர்ந்திருக்கிறது என்றே அந்நூல் தொடங்குகிறது. தனிமை என்ற பழம்பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

சங்க இலக்கியத்தில் ஒப்பாரி உண்டா?

அந்தப் பெயரில் இல்லை. ‘கையறுநிலை’ என்ற துறை உண்டு. ‘கழிந்தோர் தேஎத்து அழிபடர் உறீஇ ஒழிந்தோர் புலம்பிய கையறு நிலையும்’ என்று தொல்காப்பியம் அதற்கு இலக்கணம் சொல்கிறது. கழிந்தோர் இறந்தவர், ஒழிந்தோர் மிஞ்சி நிற்பவர். செய்வதற்கு ஒன்றுமில்லாமற் கை அற்றுப்போன நிலை என்பதே பெயரின் பொருள்.

இத்துறையில் எல்லோரும் அறிந்தது புறநானூற்றின் 112ஆம் பாட்டு. பறம்பு மலையின் தலைவன் பாரி கொல்லப்பட்ட பிறகு அவன் மகளிர் இருவர் பாடியது அது. ஐந்தே அடிகள். ‘அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்’ தந்தையும் இருந்தான், குன்றும் எங்களுடையதாக இருந்தது; ‘இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவில்’ குன்றும் போயிற்று, தந்தையும் இல்லை. அன்று, இன்று, அதே நிலவு. மேலே சொன்ன அமைப்பு இங்கே அப்படியே இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி ஒருத்தி சாவீட்டில் அன்றையும் இன்றையும் எதிரெதிரே நிறுத்தி அழும்போது, அவள் கையாளும் முறை இரண்டாயிரம் ஆண்டு பழைமையானது.

கம்பராமாயணத்தில் இராவணன் உடலின்மேல் விழுந்து மண்டோதரி அழுவதும் இவ்வழியிலேதான் செல்கிறது. சிவன் இருந்த மலையையே எடுத்த திருமேனியில், எள் இருக்கவும் இடமில்லாமல் அம்பு துளைத்திருக்கிறதே என்கிறாள். மலை எடுத்தது அன்று. அம்பு துளைத்தது இன்று. அந்த அழுகை நடந்ததாகக் கம்பர் பாடும் இடம் நம்முடைய இலங்கை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுவேன்.

ஆனாலும் கையறுநிலையை ஒப்பாரி என்று சொல்லிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கையறுநிலை புலவர் இயற்றியது, ஏட்டில் நின்றது. ஒப்பாரி அந்த நேரத்தில், அந்த உடலின் முன்னே பிறந்து, மூச்சோடு போய்விடுவது.

‘ஐயோ’ என்பது எவ்வளவு பழையது?

புறநானூறு 255ஆம் பாட்டில் இருக்கிறது. வறண்ட காட்டு வழியிற் கணவன் வீழ்ந்து கிடக்கிறான். அருகில் மனைவி மட்டும். ‘ஐயோ எனின் யான் புலி அஞ்சுவலே’ என்கிறாள் அவள். வாய்விட்டு அழுதால் அந்தச் சத்தத்துக்குப் புலி வந்துவிடுமோ என்று பயம். தூக்கிச் செல்லலாம் என்றால் அகன்ற மார்பைத் தூக்க வலிமை இல்லை. வன்பரணர் பாடியது. நம் நாவில் நாள்தோறும் வரும் சொல் அங்கே சொல்லப்படாமல் அடக்கப்பட்ட சொல்லாக நிற்கிறது. அழ முடியாமற் போவதும் ஒரு துயரம் என்பதை இந்தப் பாட்டிலிருந்து கற்றேன். மலர்ச்சாலைகளில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும் பெண்களைப் பார்க்கும்போது இதையே நினைப்பேன்.

ஓலம், அரற்றல், குழறல், பிலாக்கணம் ஆகியவற்றுக்குள் என்ன வேறுபாடு?

ஓலம் என்பது உதவி கேட்டு எழுப்பும் பெருங்குரல். இறைவனை நோக்கியும் ஓலமிடலாம். அரற்றல் நிறுத்தாமற் சொன்னதையே சொல்லி அழுவது. குழறுதல் என்ற சொல்லுக்கு நாத் தடுமாறிப் பேசுதல் என்பதே பொதுப்பொருள். ஈழத்து வழக்கிலோ ‘குழறி அழுதாள்’ என்றால் அடக்கமில்லாமற் கத்தி அழுதாள் என்று பொருள்படும். துயரத்திற் சொல் தெளிவிழந்துபோவதால் இந்தப் பொருள் வந்திருக்கும். பிலாக்கணம் ஒப்பாரிக்கு ஏறத்தாழ ஒத்த சொல். கொழும்பில் அதிகம் கேட்பதில்லை.

ஒப்பாரியைப் பெண்கள் மட்டுந்தான் பாடுவார்களா? எப்படிப் பாடுவார்கள்?

பெரும்பாலும் பெண்களே. ஆண்கள் அழுவதுண்டு; சொல் கட்டி அழுவது அரிது.

உட்காரும் முறையைச் சொல்ல வேண்டும். உடலைச் சுற்றிப் பெண்கள் வட்டமாக இருந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, தலையோடு தலை சாய்த்து, ஒரே அசைவில் முன்னும் பின்னும் ஆடுவார்கள். ஒருத்தி அடி எடுப்பாள்; அடியின் ஈற்றில் ‘அக்கா’ என்றோ ‘ராசா’ என்றோ வரும் விளியை நீட்டுவாள்; அந்த நீட்டலில் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். நீட்டல் இறங்கி விம்மலாக முடியும். மூச்சு வாங்கியதும் அடுத்த அடி. புதிதாக ஒருவர் வாசலிற் கால் வைத்தவுடன், ஓய்ந்திருந்த குரல் மீண்டும் எழும். வந்தவரை விளித்து, ‘நீங்கள் வந்திருக்கிறியள், எழும்பிக் கதைக்க ஆள் இல்லையே’ என்று தொடங்கும். வெளியூர்க்காரர் சிலர் இதை நடிப்பென்று நினைப்பது தவறு. வந்தவருக்கும் போனவருக்கும் இருந்த உறவை அந்த ஓர் அடி அவையறியச் சொல்லிவிடுகிறது.

உறவுக்கு ஏற்ப ஒப்பு மாறும். தாய்க்கு அழும் மகள் பிறந்தவீட்டு வாசல் அடைபட்டதைச் சொல்வாள். கணவனுக்கு அழுபவள் பூவையும் பொட்டையும் சொல்வாள். பிள்ளைக்கு அழும் தாயின் ஒப்பாரியில் ஒப்பே குறைவு. பெயர் மட்டும் திரும்பத் திரும்ப வரும்.

முறைப்பாடும் அதற்குள் வரும். சின்னம்மாவின் அடிகளில் ஒன்று, ‘ஏழு பேரைத் தூக்கி வளர்த்த கைக்கு, தண்ணி குடுக்க ஒரு கை வரேல்லையே’ என்றிருந்தது. அது யாருக்காகச் சொல்லப்பட்டது என்பது மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அவரும் அங்கேதான் தலைகுனிந்து நின்றார். வேறு எந்த நாளிலும் சின்னம்மா அப்படி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார், சொன்னாலும் சபை பொறுக்காது. ஒப்பாரியில் வரும் வார்த்தைக்கு மறுமொழி கிடையாது என்பது எழுதாத சட்டம். சிலப்பதிகாரத்தில் கண்ணகி மதுரைத் தெருவில் ‘பெண்டிரும் உண்டுகொல்’, ‘சான்றோரும் உண்டுகொல்’, ‘தெய்வமும் உண்டுகொல்’ என்று கேட்பது இந்த உரிமையின் உச்சம் என்றே எனக்குத் தோன்றுகிறது. கணவனை இழந்தவளின் அழுகை அங்கே ஊரையும் கடவுளையும் விசாரிக்கிறது.

இதற்கென்று இசை உண்டா?

ஏழிசைப் பெயர்களில் ஒன்றான ‘விளரி’, இரங்கலுக்குரிய பண்ணின் பெயராகவும் பழைய நூல்களில் வருகிறது. சாவுக்கு முழங்கும் பறையை ‘நெய்தல்’ என்றார்கள். ஒரு வீட்டிற் சாப்பறையும் இன்னொரு வீட்டில் மணமுழவும் ஒலிப்பதைப் புறநானூறு 194ஆம் பாட்டிற் பக்குடுக்கை நன்கணியார் பாடுகிறார். இன்றைய ஒப்பாரிக்குத் தனி இராகம் என்று எதையும் என்னாற் சொல்ல முடியாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், தாலாட்டுக்கு மிக அருகில் இருப்பது தெரியும். அதே ஆட்டம், அதே ஈற்று நீட்டல், அதே விளி. இரண்டையும் பாடுவது பெண்கள். இரண்டும் பதில் சொல்ல முடியாத ஒருவரை நோக்கியவை.

மாரடித்தல் என்பது என்ன?

மார்பில் அறைந்துகொண்டு அழுவது. காசு பெற்று அழ வந்தவர்களும் இருந்தார்கள் என்பதற்குக் ‘கூலிக்கு மாரடித்தல்’ என்ற சொல்லடையே சாட்சி. மனமில்லாமற் செய்யும் வேலைக்கு அது இன்று உவமையாகிவிட்டது.

குரவையும் ஒப்பாரியும் உறவுடையனவா?

இல்லை. மட்டக்களப்புப் பக்கத்தில் நாக்கை அசைத்து எழுப்பும் குரவை மங்கல ஒலி. கோயிற் சடங்கிலும் கலியாணத்திலும் தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் இடுவார்கள். தூரத்திலிருந்து கேட்பவருக்கு மயக்கம் வரலாம். கொழும்பில் ஒரு கலியாண வீட்டிற் குரவை எழும்பியபோது, என்ன நடந்துவிட்டதோ என்று பக்கத்து மண்டபத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்ததை நான் கண்டிருக்கிறேன்.

கொழும்பில் ஒப்பாரியை ஏன் இப்போது கேட்க முடிவதில்லை?

இடமே முதற் காரணம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளில் உடலை மேலே கொண்டுபோக வசதி இல்லை. மின்தூக்கியிற் பெட்டி பிடிக்காது. ஆகவே உடல் நேரே மலர்ச்சாலைக்குப் போகிறது. அங்கே பார்வைக்கு நேரம் குறித்திருப்பார்கள். அடுத்த அறையில் வேறொரு குடும்பம், பெரும்பாலும் வேறு மொழிக் குடும்பம், தங்கள் துயரத்தோடு அமைதியாக இருக்கும். நாற்காலிகள் சுவரோரமாக வரிசையில் இருக்கும். வட்டமாக நிலத்தில் உட்காரவே அங்கு வழியில்லை. வட்டம் இல்லாவிட்டால், அடி எடுப்பவளுக்குப் பின்னால் நீட்டிக் கொடுக்க ஆள் இல்லை. ஒப்பாரி தனிக்குரலாகச் சுருங்கி, பிறகு நின்றுவிடுகிறது.

எங்கள் பெரியம்மாவுக்கு முறைப்படி சுண்ணம் என்னும் மணப்பொடி இடித்தார்கள். உரலுக்கு முன்னால் நின்று ஓதுவார் திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணத்தைப் பாடினார். ஊரில் என்றால் அந்த நேரத்திலேதான் அழுகை உச்சத்துக்கு வரும். பாட்டும் அழுகையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கேட்கும். இங்கே பாட்டு மட்டுமே கேட்டது. பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்தார்கள். பிறகு பொரளை கனத்தை மயானத்துக்குப் புறப்பட்டோம்.

இன்னொரு மாற்றமும் உண்டு. முன்பு இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் கேட்டு உறவினர் பேருந்து பிடித்து வந்தார்கள். இப்போது பாதிக் குடும்பம் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து நேரலையிற் பார்க்கிறது. சின்னம்மா அழுதபோது அவருக்கு முன்னே ஒரு கைத்தொலைபேசி தாங்கியில் நின்றது. இரண்டு அடி அழுதபின் அவர் அதை நோக்கித் திரும்பி, வரமுடியாத மருமகளின் பெயரைச் சொல்லி, ‘கண்ணாடிக்குள்ளை நிண்டு பாக்கிறியே, கையைத் தந்து தூக்க ஏலாதே’ என்று மூன்றாவது அடியை எடுத்தார். வாசலில் வந்து நிற்பவரை விளித்து அழும் பழைய முறை எனக்கு அப்போது நினைவில் வந்தது. வாசல் மட்டும் மாறியிருந்தது.

அப்படியானால் ஒப்புச் சொல்வது நின்றே போய்விட்டதா?

அச்சுக்குப் போய்விட்டது என்று சொல்வேன். 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு வெளியிடும் ‘கல்வெட்டு’ என்ற சிறு நூலை எங்கள் ஆட்கள் அறிவார்கள். கல்லில் வெட்டுவதில்லை, தாளில் அச்சிடுவதுதான், பெயர் நிலைத்துவிட்டது. அதில் இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, வாழ்க்கை வரலாறு, தேவாரங்கள் ஆகியவற்றோடு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று வரிசையாகப் பாடல்கள் இருக்கும். உறவுக்கு ஏற்ப ஒப்பு மாறுவது என்ற மரபு அங்கே தலைப்பாகவே வந்துவிட்டது.

குறையையும் சொல்ல வேண்டும். அந்தப் பாடல்கள் பல ஒரே அச்சில் வார்த்தவை. பெயரை மாற்றினால் எவருக்கும் பொருந்தும். எவருக்கும் பொருந்துவது எப்படி ஒப்பாகும்? துலாப்போல் நிமிர்ந்து நின்றவர் எங்கள் பெரியம்மா ஒருவர்தான். ஆகையால் எங்கள் கல்வெட்டிற் சின்னம்மாவின் அடிகளில் ஆறினை, பேச்சுவழக்கைத் திருத்தாமல் அப்படியே போட்டோம். முறைப்பாட்டு அடியை மட்டும் சேர்க்கவில்லை. அது அவையிற் சொல்லப்பட்டது, அங்கேயே முடியவேண்டியது.

மலையகத்தவரிடையே எப்படி?

19ஆம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள், தாலாட்டையும் ஒப்பாரியையும் உடன் கொண்டுவந்தார்கள். நடைவழியிலேயே இறந்தவர்கள் பலர் என்பதால், அந்தப் பாடல்களில் வழியும் காடும் மலையும் அடிக்கடி வருகின்றன. அவர்களுடைய வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தவர்களில் சி. வி. வேலுப்பிள்ளையை நன்றியோடு நினைக்க வேண்டும். தோட்டத்துச் சாவீட்டிற் தப்பு என்னும் பறை முழங்கும். கொழும்பு வடக்கில் வாழும் மலையகக் குடும்பங்களிடம் ஒப்பாரியும் தப்பும் வெள்ளவத்தையை விடக் கூடுதலாக உயிரோடு இருக்கின்றன. மாதம்பிட்டி மயானத்துக்குச் செல்லும் ஊர்வலங்களில் நானே கேட்டிருக்கிறேன்.

நம் அயலவர்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள்?

சிங்களத்தில் ‘லதோனி’ என்ற சொல்லும், வடமொழிவழி வந்த ‘விலாப’ என்ற சொல்லும் உண்டு. பின்னது நம் விலாபமே. இஸ்லாத்தில் ஓலமிட்டு அழுவதை ‘நியாஹா’ என்று விலக்கியிருக்கிறார்கள். கண்ணீர் விடுவதற்குத் தடையில்லை. முஸ்லிம் வீட்டு மரணத்துக்குப் போனால் அந்த அமைதியை மதித்து இருப்பதே முறை.

‘ஒப்பாரி வைக்காதே’ என்று பேச்சில் ஏளனமாகச் சொல்கிறோமே?

சொல்கிறோம், நானும் வகுப்பிற் சொல்லியிருக்கிறேன், இப்போது சொல்வதில்லை. ஓயாமற் குறை சொல்பவரைக் குறிக்க முணுமுணுப்பு, சிணுங்கல், நச்சரிப்பு என்று தமிழில் வேண்டிய அளவு சொற்கள் இருக்கின்றன. இறந்தவருக்கு இணையில்லை என்று சொல்வதற்கு நம்மிடம் இருக்கும் சொல் இது ஒன்றே.

வீட்டு மூத்தவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யலாமா?

செய்யவேண்டும், தாமதிக்காமல். ஆனால் சாவு நடக்காத வீட்டில் ஒப்பாரி பாடினால் வீட்டுக்கு ஆகாது என்ற நம்பிக்கை வலுவாக உண்டு. அதை மூடநம்பிக்கை என்று வாதாடாதீர்கள். வீட்டுக்கு வெளியே அழைத்துச் செல்லுங்கள். ‘பாடுங்கோ’ என்று கேட்காமல், யாருக்காக அழுதார்கள், அவர் எப்படி இருப்பார் என்று கேளுங்கள். ஒப்பு தானாக வரும். புரியாத சொல்லை இடையில் நிறுத்திக் கேட்காமற் குறித்துவைத்துப் பிறகு கேளுங்கள்.

சின்னம்மாவை நாங்கள் வெள்ளவத்தைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றோம். தண்டவாளத்துக்கு அப்பால், கருங்கற்கள் போட்டிருக்கும் இடத்தில் ஒரு பழைய சேலையை விரித்து இருந்தார். பேத்தி தன் கைத்தொலைபேசியைப் பிடித்திருந்தாள். முதலில் ஊர்க் கிணற்றைப் பற்றிச் சொன்னார், பிறகு அக்காவைப் பற்றி, பிறகு குரல் தானாகவே நீண்டது. பதினொரு நிமிடப் பதிவு. நடுவில் மருதானைக்குப் போகும் புகையிரதம் கடந்ததால் இரண்டு அடிகள் கேட்கவில்லை. அவர் ஓய்ந்தபின், அந்த இரண்டையும் மறுபடி சொல்லுங்கள் என்று பேத்தி கெஞ்சினாள். சின்னம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நான் என்னத்தைச் சொன்னனான், பிள்ளை?” என்று உண்மையாகவே அவளிடம் கேட்டார்.